ஜெபக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அனுப்பும் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

உங்களை யாரோ ஒரு வாட்ஸப் ஜெபக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். சித்தியாக இருக்கலாம், பழைய வாலிபர் ஐக்கியத்து அண்ணனாக இருக்கலாம். திறந்து பார்த்தால் நூற்று எண்பது பேர், விடிகாலை நாலரைக்கே ரோஜாப்பூ மேல் வசனம் எழுதிய படம், அதற்குக் கீழே வரிசையாக ஆமென், நடுவில் யாரோ ஒருவருடைய ஒன்பது நிமிட வாய்ஸ் நோட். இதில் நாம் என்ன பேசுவது, பேசலாமா, பேசாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களா என்று ஒன்றும் பிடிபடாது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2020-இல் ஊரடங்கு வந்து கோயில் கதவையெல்லாம் சாத்தியபோது பதினேழு பேரோடு தொடங்கிய ஒரு குழுவுக்கு என்னை அட்மினாக்கினார்கள். இப்போது அதில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே, பிரதரன், எந்தச் சபைக்கும் போகாதவர், இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவர் எல்லோரும் இருக்கிறார்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள், கட்டிக்கொண்டது தூத்துக்குடிக் கத்தோலிக்கரை. அதனால் இரண்டு தரப்புக் கோபமும் எனக்கு வீட்டிலேயே பழக்கம்.

இத்தனை வருடத்தில் பார்த்தது ஒன்றுதான். இந்த மாதிரிக் குழுவில் மனசு நோகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள், அவசரப்பட்டுத் திருத்திவிடுகிறார்கள், வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறார்கள். அதனால் நான் சொல்லப்போகிற படிகளில் பாதி, கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிற வேலைதான்.

முதல் வாரம் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள்

குழுவின் பெயரைத் தொட்டால் விவரக்குறிப்பு வரும். பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. எத்தனை மணிக்கு ஜெபம், எந்த நாள் சாட்சி, விளம்பரம் போடலாமா, வரன் தேடும் விவரம் போடலாமா என்றெல்லாம் அட்மின் அங்கே எழுதி வைத்திருப்பார், அல்லது மேலே பின் பண்ணி வைத்திருப்பார்.

நீங்கள் சேர்வதற்கு முன்னால் ஓடிய பேச்சு பெரும்பாலும் உங்கள் போனுக்கு வராது என்பதை மறந்துவிடாதீர்கள். கதை பாதி ஓடியபிறகு உள்ளே வந்து உட்கார்ந்த ஆள் நீங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி சேர்ந்த முதல் நாளே, பச்சைக்குழந்தை ஒன்றின் படம் வந்ததைப் பார்த்துவிட்டு ‘கங்ராட்ஸ்! ஸ்வீட் எங்க?’ என்று போட்டார். அந்தக் குழந்தை ஏழு மாதத்தில் பிறந்து பத்து நாளாக இன்குபேட்டரில் இருந்தது, முந்தின ராத்திரி முழுக்கக் குழு அதற்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தது. தம்பி மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த அம்மா அதைப் படித்துவிட்டாள்.

அறிமுகம் மூன்று வரி போதும்: பெயர், இப்போது இருக்கிற ஊர், உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும். எந்தச் சபை என்று சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள். பதிலுக்கு மற்றவர்களிடம் ‘சொந்த ஊர் எது, அப்பா பேர் என்ன, எந்தத் தெரு’ என்று துருவாதீர்கள். அது எதைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வி என்று நம் எல்லோருக்கும் தெரியும், கல்லறையில் கூடத் தனித்தனி மூலை வைத்திருந்த சபைகள் நம்முடையவை. குழுவில் ஒருவர் அப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் கடந்துபோக உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று, சகோதரர்களுக்கு. குழுவில் எல்லோருடைய நம்பரும் தெரிகிறது என்பதற்காக ஒரு பெண்ணுக்குத் தனியாக ‘குட் நைட் சிஸ்டர், சாப்டீங்களா’ அனுப்ப வேண்டாம். வசனத்தோடு அனுப்பினாலும் அது அதேதான். குழுவை விட்டுச் சத்தமில்லாமல் போன எத்தனையோ பெண்கள் இதனால்தான் போயிருக்கிறார்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

சின்ன விஷயம் மாதிரி தெரியும். கத்தோலிக்கர்களுக்கு சிஸ்டர் என்றால் கன்னியர் மடத்துச் சிஸ்டர். எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு மணப்பாட்டுப் பாட்டி, முதல் வாரம் முழுக்க இத்தனை கன்னியர்கள் ஒரே குழுவிலா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார், ஒரு ‘சிஸ்டர்’ தன் பேரனுடைய பிறந்தநாள் படத்தைப் போடும் வரைக்கும். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.காரர்கள் தங்கள் குருவானவரை ஐயர் என்பார்கள். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு அது வேறு அர்த்தம். பெந்தெகொஸ்தே வீட்டில் பாஸ்டர், கத்தோலிக்க வீட்டில் ஃபாதர் அல்லது சாமி.

வழி சுலபம். வயதில் மூத்தவர் என்று தெரிந்தால் ஐயா, அம்மா. ஓரளவு சம வயதென்றால் அண்ணன், அக்கா. தெரியாவிட்டால் பெயரோடு ‘அவர்களே’. ஊழியக்காரர்களை அவர்கள் சபை எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே கூப்பிடுங்கள். எல்லோருக்கும் ‘நீங்கள்’தான், பத்தொன்பது வயதுப் பையனுக்கும்.

வாழ்த்தும் அப்படியே. ஒருவர் ‘ஸ்தோத்திரம்’ என்பார், ஒருவர் ‘பிரைஸ் த லார்ட்’ என்பார், ஒருவர் ‘இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க’ என்பார். உங்களுக்கு வாயில் வருகிற வாழ்த்தைத் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்தவர் வாழ்த்தில் பாதியை வெட்டிவிட்டுத் திருப்பிச் சொல்லி ‘செய்தி’ கொடுக்கிற ஆட்கள் உண்டு, அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

வசனம் போடுகிறபோது

இதில்தான் புதியவர்கள் முதல் சண்டையை வாங்குகிறார்கள். ஒருவர் ‘ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை’ என்று போட்டார். ஐந்தாவது நிமிடம் இன்னொருவர்: ‘பிரதர், வசனத்தை மாத்திப் போடாதீங்க. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன் – இதுதான் வேதத்துல இருக்கு.’ இரண்டும் வேதத்தில்தான் இருக்கிறது. முதலாவது 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. இரண்டாவது, பவர் ஐயர் தலைமையில் திருத்தி 1871-இல் வந்த மொழிபெயர்ப்பின் வழியில், இன்றைக்கும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கிற பரிசுத்த வேதாகமம். ஒரே இருபத்து மூன்றாம் சங்கீதம். அதைச் சங்கீதம் என்பதா திருப்பாடல் என்பதா என்பதற்கே ஒரு சண்டை போடலாம், போட்டும் இருக்கிறோம்.

சுவிசேஷம் என்றாலும் நற்செய்தி என்றாலும் ஒன்றே, அப்போஸ்தலர் என்றாலும் திருத்தூதர் என்றாலும் ஒன்றே, ஞானஸ்நானமும் திருமுழுக்கும் அப்படித்தான். லெந்து நாட்கள் தவக்காலம். சாம்பல் புதன் திருநீற்றுப் புதன், இந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டு ‘இது சைவச் சடங்கா’ என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, வசனம் வேறு மாதிரி இருந்தால் முதலில் வேறு மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடும்போது புத்தகம், அதிகாரம், வசன எண் மூன்றையும் போட்டுவிடுங்கள், தேடிப் பார்க்கிறவர் அவரவர் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் எண்ணிக்கை. கத்தோலிக்கர் கையில் இருக்கும் விவிலியத்தில் 73 புத்தகங்கள், மற்றவர்களிடம் 66. சீராக்கின் ஞானம் ஆறாம் அதிகாரத்தில் நல்ல நண்பனைப் பற்றி அருமையான பகுதி ஒன்று இருக்கிறது, என் வீட்டுக்காரர் அதை ஒருமுறை போட்டார். ‘இப்படி ஒரு புத்தகமே கிடையாது, ஜாக்கிரதையா இருங்க ஜனங்களே’ என்று பதில். அந்த அண்ணன் கேள்வியாகக் கேட்டிருந்தால், ‘இது எந்தப் புத்தகம், எங்கள் வேதாகமத்தில் காணோமே’ என்று, அன்றைக்கு அரைமணி நேரம் நல்ல பேச்சு நடந்திருக்கும்.

எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். எழுபது வயது அம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒரு விரலால் தட்டி ‘கரத்தர் நல்லவர்’ என்று அனுப்புகிறார். கர்த்தருக்கு அது புரியும்.

ஜெபக்குறிப்பு: உங்களுடையதை மட்டும் கொடுங்கள்

இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். என் சொந்தத்தில் ஒரு அக்காவுக்கு ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம் அழுதாள். போனை வைத்த கையோடு குழுவில் போட்டேன்: பெயர், ஊர், எந்த உறுப்பு, எந்த ஆஸ்பத்திரி, எல்லாம். அப்போதுதான் குறிப்பிட்டு ஜெபிப்பார்கள் என்று நினைப்பு. இரண்டு மணி நேரத்தில் துபாயிலிருந்து அக்காவின் மகன் அவளைக் கூப்பிட்டு அழுகிறான். அவனுக்குப் பரீட்சை முடிகிற வரை சொல்லக்கூடாது என்று அவள் ஒளித்து வைத்திருந்த விஷயம் அது. எங்கள் குழுவில் இருந்த யாரோ இன்னொரு ஜெபக் குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து அது அவன் கைக்குப் போயிருக்கிறது. எல்லோரும் ஜெபிப்பதற்காகத்தான் அனுப்பினார்கள். அக்கா என்னோடு நான்கு மாதம் பேசவில்லை.

அதனால், அடுத்தவர் விஷயம் என்றால் முதலில் அவரைக் கேளுங்கள். ‘குழுவில் சொல்லலாமா? எவ்வளவு சொல்லலாம்?’ இரண்டு கேள்வியும் வேண்டும், முதல் கேள்வி மட்டும் போதாது. கேட்க வழியில்லை என்றால் இப்படிப் போடலாம்:

‘எனக்கு நெருக்கமான ஒருவருக்கு இந்த வாரம் ஒரு சிகிச்சை. பெயர் சொல்லவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.’

பெயர் தெரியாமல் எப்படி ஜெபிப்பது என்று யாராவது கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். ஜெபத்தைக் கேட்கிறவருக்குப் பெயர் தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.

ஜெபக்குறிப்பு வேஷத்தில் வரும் வம்பும் உண்டு. ‘அந்தச் சகோதரிக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள், வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார், பொண்ணு வேறு ஒரு பையனோடு...’ இதற்கு ஆமென் போடாதீர்கள். ஆமென் போட்டால் அந்த வம்புக்கு நீங்களும் கையெழுத்துப் போட்ட மாதிரி. குழந்தை இல்லாத தம்பதிகளைப் பற்றியும் இப்படித்தான், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, ‘கர்ப்பத்தின் கனி’க்காக ஜெபியுங்கள் என்று மாமியார் போட்டுவிடுகிறார், மருமகளும் அதே குழுவில் இருக்கிறாள்.

யாராவது கேட்டதற்கு ‘ஜெபிக்கிறேன்’ என்று எழுதினால், எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் ‘ஜெபித்துவிட்டேன்’ என்று மட்டுமே எழுதுவார், ‘ஜெபிப்பேன்’ என்று எழுதி நான் பார்த்ததில்லை. அவருடைய பதில் சில நேரம் மறுநாள்தான் வரும்.

துக்க வீட்டில் பேசுவது

யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அதுவரை சரியாகத்தான் போனது. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. வாட்ஸப்பில் கஷ்டம் என்னவென்றால், பேசாமல் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் எதையாவது போட்டுவிட வேண்டும் போல் இருக்கிறது, கைக்கு வருகிறது ரோமர் 8:28. சகலமும் நன்மைக்கே. நல்ல வசனம்தான், ஆனால் முப்பத்தைந்து வயதில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அடக்கம் முடிந்து மூன்று மணி நேரத்தில் அதை அனுப்பினால் அவள் எதை நன்மை என்று எடுத்துக்கொள்வாள்? நான்கு அதிகாரம் தள்ளி 12:15-இல் அழுகிறவர்களோடு அழச் சொல்லியிருக்கிறது, அதை யாரும் பூப்படத்தில் போடுவதில்லை.

என்ன எழுதலாம்? இறந்தவரைத் தெரியும் என்றால் அவரைப் பற்றி ஒரு ஞாபகம். ‘அசனத்துக்குச் சோறு பொங்கும்போது மாமா அந்தப் பெரிய கரண்டியை யாரிடமும் கொடுக்க மாட்டார்’ என்று ஒருவர் எழுதினார். அந்தக் குடும்பம் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தது. தெரியாதென்றால், ‘உங்களோடு துக்கப்படுகிறோம்’ என்று ஒரே வரி.

இப்போது ஒரு நுட்பமான இடம். எங்கள் குழுவில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் அப்பா இறந்துபோனார். ‘அப்பாவின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய ஜெபியுங்கள்’ என்று அவள் போட்டாள். பெந்தெகொஸ்தே சபையிலிருந்து ஒரு அண்ணன், நல்ல பாடகர், தங்கமான மனுஷன், பதில் போட்டார்: ‘மரித்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை சகோதரி. உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டியது.’ அவர் சபை அப்படித்தான் நம்புகிறது, அதை மறைக்கச் சொல்லவில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது கத்தோலிக்கருக்கு எவ்வளவு பழைய, எவ்வளவு ஆழமான வழக்கம் என்பது வேறு விஷயம். அப்பாவின் உடல் நடுவீட்டில் இருக்கிறது, மகள் போனைப் பார்க்கிறாள், ‘அப்பாவுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று அர்த்தப்படும் ஒரு வரி. அதை நான் அழிப்பதற்குள் அறுபது பேர் பார்த்துவிட்டார்கள். அவள் சாயங்காலம் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

இறப்புச் செய்திக்குக் கீழே உபதேசம் கிடையாது. எங்கள் குழுவில் இது மட்டும்தான் விதிவிலக்கில்லாத விதி. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று வந்தாலும் சரி, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று வந்தாலும் சரி, ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’ என்று வந்தாலும் சரி.

நோய் விஷயத்திலும் ஒரு கோடு உண்டு. மருந்து எடுப்பதில்லை என்று முடிவு செய்த விசுவாசிகள் சில சபைகளில் இருக்கிறார்கள், அது அவர்கள் முடிவு. ஆனால் குழுவில் ஒருவருக்கு ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று எழுதாதீர்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று நர்ஸாக இருக்கிறவரைக் கேளுங்கள். அப்படி யாராவது எழுதினால் உடனே அட்மினுக்குச் சொல்லுங்கள்.

‘வாழவே பிடிக்கவில்லை’ என்று ஒருவர் ராத்திரியில் எழுதினால் வசனம் அனுப்பாதீர்கள். கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் அவர் ஊரில் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். ஜெபம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

கருத்து வேறுபாடு வந்தால்

வரும். குழந்தை ஞானஸ்நானம், மாதா, ஜெபத்தில் அந்நியபாஷை பேசுவது, தசமபாகம், நகை போடலாமா: இந்த ஐந்தும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயடிச் சண்டை மாதிரி இதை நினைக்காதீர்கள், அவரவர் பாட்டி கற்றுக்கொடுத்தது, அவரவர் அழுது கண்டுபிடித்தது, அதைத்தான் நீங்கள் தொடுகிறீர்கள்.

பேசும்போது ‘எங்கள் சபையில்’ என்று தொடங்கிப் பாருங்கள். ‘குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் அது ஞானஸ்நானமே இல்லை’ என்பது ஒரு வாக்கியம். ‘எங்கள் சபையில் விசுவாசித்த பிறகு முழுக்கு எடுக்கிறோம், நான் பத்தொன்பது வயதில் தாமிரபரணியில் எடுத்தேன், நீங்கள் குழந்தைக்குக் கொடுப்பதை எப்படிப் பார்க்கிறீர்கள்?’ என்பது இன்னொன்று. நம்பிக்கை ஒன்றுதான், ஒரு பொட்டுக் கூட விட்டுக்கொடுக்கவில்லை. முதலாவதைப் படித்தவர் தன் ஞானஸ்நானத்தைக் காப்பாற்றக் கிளம்புவார். இரண்டாவதைப் படித்தவர் தன் கதையைச் சொல்வார்.

அடுத்தவருடைய நம்பிக்கையை அவர் சொல்லும் வார்த்தையிலேயே கேளுங்கள். ‘நீங்கள் மாதாவை ஆராதிக்கிறீர்கள்’ என்றால் எந்தக் கத்தோலிக்கரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர்கள் பேச்சில் ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம். அந்த வித்தியாசம் உங்களுக்குத் திருப்தியாக இல்லாமல் போகலாம், ஆனால் அவர் சொல்லாததை அவர் வாயில் போடாதீர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ‘கத்திக் கத்திக் கும்பிடுகிற கூட்டம்’ என்று அந்நியபாஷைக்காரர்களைக் கேலி செய்வது எங்கள் சி.எஸ்.ஐ. வீடுகளில் வெகு சகஜம். அதையும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தனி ஆளைப் பற்றிய குறை என்றால் தனியாகச் சொல்லுங்கள். மத்தேயு 18:15 அதைத்தான் சொல்கிறது, முதலில் நீயும் அவனும் மட்டும். வாட்ஸப்பில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்தால் தனிப்பட்ட முறையில் பதில் சொல்லும் வழி ஒன்று வருகிறது, அது இதற்கென்றே வைத்த மாதிரி.

ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுதிய பதிலை அனுப்பாமல் வைத்திருந்து காலையில் படித்துப் பாருங்கள். நம் சபைகளே அப்படிப் பொறுமையாகப் பேசித்தான் வந்திருக்கின்றன. 1919-இல் தரங்கம்பாடியில், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேராயர் உட்பட வெவ்வேறு சபையார் கூடி ஒன்றாக வேண்டும் என்று ஆரம்பித்த பேச்சு, சி.எஸ்.ஐ. என்று ஆனது 1947 செப்டம்பர் 27-இல். 28 வருஷம். நாம் ஒரு நாள் ராத்திரியில் மாதா விஷயத்தை முடித்துவிடப் பார்க்கிறோம்.

தீர்க்கதரிசனம் பற்றி ஒரு வரி: ‘கர்த்தர் உங்களைப் பற்றி எனக்கு ஒன்று காண்பித்தார்’ என்று பெயர் குறிப்பிட்டுப் பொதுவில் போடாதீர்கள். பேசினதை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுலே 1 கொரிந்தியர் 14:29-இல் சொல்கிறார், உங்கள் போதகரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஃபார்வர்டு, காசு, நேரம்

‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால்’ என்று முடிகிற எதையும் அனுப்ப வேண்டாம். செய்திக்கு மேலே இரட்டை அம்பு தெரிந்தால் அது பல கை மாறி வந்தது, வாட்ஸப் அதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மேல் அனுப்ப விடாது, அதிலேயே விஷயம் தெரிகிறது. எங்கோ சபை எரிகிறது, ஊழியர் கடத்தப்பட்டார் என்று வரும் செய்திகளில் தேதியும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய படத்தைப் புதிதாக ஓட்டுவது நடக்கிறது, நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களுக்கு அதனால் கெடுதல்தான்.

காசு கேட்டு வந்தால், கேட்டவர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருந்தாலும், ஜிபே செய்வதற்கு முன் போன் போட்டுக் குரலைக் கேளுங்கள். கணக்கைத் திருடி, அவர் பெயரிலேயே ‘பிரைஸ் த லார்ட் பிரதர், அவசரம்’ என்று கேட்பவர்கள் உண்டு.

நேரத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஊரில் காலை நான்கு மணி ஜெபம் என்றால் துபாயில் ராத்திரி இரண்டரை, குவைத்தில் ஒன்றரை, சிங்கப்பூரில் ஆறரை, டொராண்டோவில் கோடைகாலமாக இருந்தால் முந்தின நாள் மாலை ஆறரை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து படுத்தவருடைய போன் உங்கள் ரோஜாப்பூவுக்கு ‘டிங்’ என்கிறது. வாய்ஸ் நோட் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் என்ன விஷயம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள், பஸ்ஸில் இருக்கிறவர் கேட்க முடியாது, காது மந்தமானவரும் கேட்க முடியாது.

குழுவில் நீங்கள் நினைக்காத ஆட்கள் இருக்கிறார்கள்

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், வீட்டில் யாருக்கும் அவள் விசுவாசம் தெரியாது. அம்மா காலையில் விளக்கேற்றுகிற அதே வீட்டில், மொட்டைமாடியில் நின்று இந்தக் குழுவைப் படிக்கிறாள். ‘அஞ்ஞானிகள்’, ‘பேய்க்கு ஆராதனை’ என்றெல்லாம் நீங்கள் எழுதும்போது அவள் அம்மாவைப் பற்றி எழுதுகிறீர்கள். அம்மா மேல் அவளுக்கு உயிர். அடுத்த மதத்தைப் பற்றி இழிவாக ஒரு வார்த்தையும் வேண்டாம், அது குழுவுக்கு வெளியே போனால் வரும் வம்பு தனி.

அதே காரணத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பாதீர்கள். சாட்சியாக இருந்தாலும், அழகான சாட்சியாக இருந்தாலும், சொன்னவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். ஜூமில் ஜெபிக்கும்போது ரெக்கார்டு செய்வதும் அப்படித்தான்.

தப்பாகச் சொல்லிவிட்டால்

பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் செய்தியைத் திருத்தலாம், இரண்டு நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் படித்தவர் மனசிலிருந்து அழியாது, அதனால் அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பொதுவில் சொன்னதற்குப் பொதுவில் ஒரு வரி, நொந்தவருக்குத் தனியாக ஒரு போன். ‘உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னியுங்கள்’ என்று எழுதாதீர்கள், அதில் தப்பு அவருடைய வருத்தத்தின் மேல் போய்விடுகிறது. ‘நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ போதும். காரணம் சொல்ல வேண்டாம், வசனமும் வேண்டாம்.

அந்தப் பாடகர் அண்ணனுக்கு இரண்டு வாரம் ஆனது. என்னிடம் நம்பர் கேட்டார், நான் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். இருபது விநாடி வாய்ஸ் நோட் ஒன்று அனுப்பினாராம், அதில் பாதி தொண்டையைச் செருமுகிற சத்தம்தான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ‘அப்பாவுக்கு உங்க பாட்டுன்னா ரொம்பப் பிடிக்கும் அண்ணே’ என்று பதில் போட்டிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குழுவுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

இப்போது வருஷா வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி எரிகிற படம் ஒன்று போடுவாள், ஜெபியுங்கள் என்று கீழே எழுதியிருக்கும். அண்ணன் அதற்கு ஆமென் போடுவதில்லை, இன்றைக்கும் போடுவதில்லை. ‘அம்மா நல்லா இருக்காங்களா தங்கச்சி?’ என்று கேட்பார்.